மூணு வேளைன்னா எந்த மூணு வேளை?

காசிமேட்டில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பியதில் எனக்குப் பாடமாக அமைந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஃபைபர் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிற அண்ணன் ஒருவர். பல்லில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கியிருந்தது. அமாக்சிசிலின், எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஐந்து நாள் என்று டாக்டர் எழுதியிருந்தார். நான் "மூணு வேளைண்ணே" என்று சொல்லி அட்டையைக் கையில் கொடுத்தேன். ஐந்தாம் நாள் வீக்கம் வற்றாமல் வந்து நின்றார். பாதி மாத்திரை அப்படியே இருந்தது.

"துன்றதே ரெண்டு வேளைதாம்மா. மூணாவது வேளைக்கு எங்க போறது?"

வேளை என்றால் அவருக்குச் சோறு. தப்பு என்னுடையது. அமாக்சிசிலினைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம், இடைவெளிதான் முக்கியம். நேரம் தள்ளிப்போனால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கி, கிருமி மறுபடி பெருக ஆரம்பித்துவிடும். மீண்டும் டாக்டரிடம் அனுப்பினேன். புதுச் சீட்டோடு வந்தபோது, எப்போது கிளம்புவார், எப்போது கரைக்கு வருவார் என்று கேட்டேன். கிளம்பும்போது ராத்திரி 2 மணி, கரை ஏறியதும் காலை 10, சாயங்காலம் 6. கணக்கு அழகாகப் பொருந்தியது. அட்டையின் பின்னால் மார்க்கரால் எழுதிக் கொடுத்து, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்தேன். இப்போது யார் வந்தாலும் அப்படித்தான். கடையில் கூட்டம் நின்றாலும் சரி.

மழைத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க டாக்ஸிசைக்ளின் எழுதுவார்கள். அதற்கு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வேண்டும், போட்டவுடன் படுக்கக் கூடாது. ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்த ஓர் அக்கா, "நெஞ்சுலயே நிக்கிற மாதிரி எரியுது" என்று மறுநாள் வந்தார். மருந்து கொடுப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

*

நான் கொருக்குப்பேட்டையில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். எங்களிடம் குழப்பம் எல்லாம் குழந்தைகளுக்கான பவுடர் சிரப்பில்தான். "கோடு வரைக்கும் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லியும் ஒரு தாய் பாட்டிலின் கழுத்துவரை ஊற்றியிருந்தார். மருந்து நீர்த்துப்போய், குழந்தைக்கு வேண்டிய அளவு போகவில்லை. அப்புறம் முடிவு செய்தேன்: கொதித்து ஆறின தண்ணீரை நானே ஊற்றி, குலுக்கி, நுரை அடங்கியதும் கோட்டைக் காட்டித்தான் கொடுக்கிறேன். கலந்த தேதியையும் எழுதுகிறேன். பெரும்பாலும் ஏழு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பவர்கள் நிறையப் பேர்.

*

நான் நோயாளியின் மகள். தண்டையார்பேட்டை. அப்பாவுக்குக் காசநோய் மருந்து ஆரம்பித்த மறுநாளே சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தம் என்று பயந்து, எங்களிடமும் சொல்லாமல் மூன்று வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டார். அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினின் நிறம் அது, ஆபத்தில்லை என்று முதல் நாளே யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம். இருமல் அதிகமாகித் திரும்பப் போனபோது வேறொரு நர்ஸ் அக்கா இருந்தார். மாத்திரையை நீட்டுவதற்கு முன்பே, "ஐயா, சிவப்பாப் போச்சுன்னு பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். அப்பா அங்கேயே அழுதுவிட்டார்.