யூசபிலிட்டி, யூஎக்ஸ்: கொழுந்துச் சீட்டு ஆப்பை வைத்து ஒரு வாக்குவாதம்

கோத்தகிரிக்காரன்:
எங்கள் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலை, காகிதச் சீட்டை நிறுத்திவிட்டு ஆப் கொண்டுவந்திருக்கிறது. எடை, கழிவு (ஈரத்துக்கென்று கழிக்கும் எடை), விலை எல்லாம் இனி அதில்தான். ஆப் செய்தவர்கள் யூசபிலிட்டி (பயன்படுத்த வசதியா என்பது), பயனர் மைய வடிவமைப்பு, யூஎக்ஸ் (பயனர் அனுபவம்) என்று மூன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றும் ஒன்றுதான் என்கிறேன். சுலபமாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் பெயர் மாற்றம்.

குன்னூர்_டிசைனர்:
ஒன்றில்லை அண்ணா. யூசபிலிட்டி அளந்து பார்க்கக்கூடியது. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் 9241-11 தரம் 1998இலேயே சொல்லிவிட்டது: இன்ன ஆள், இன்ன வேலை, இன்ன சூழல். அதற்குள் வேலை சரியாக முடிந்ததா, எவ்வளவு நேரமும் உழைப்பும் போனது, ஆளுக்குத் திருப்தியா?

கோத்தகிரிக்காரன்:
அதையெல்லாம் பார்த்தார்களாம் தம்பி. ஆபீஸில் ஐந்து பேரை உட்காரவைத்துச் சோதித்தார்களாம், ஐந்து பேரும் முடித்துவிட்டார்களாம். என் அம்மா காலையிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வருகிறார். சாறு பட்டு விரல் கறுத்துப் பிசுபிசுக்கிறது, சாரல் ஈரம் வேறு. ‘சரி’ பட்டனை நாலு தடவை தொட்டார், நகரவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி தொடுவதற்குள் பின்னால் நின்றவர் மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டார்.

குன்னூர்_டிசைனர்:
அங்கே தோற்றது யூசபிலிட்டி. தோற்றதற்குக் காரணம், பயனர் மைய வடிவமைப்பு நடக்கவே இல்லை. அது ஒரு வேலை முறை. அதற்கான தரம் ஐஎஸ்ஓ 13407 என்று 1999இல் வந்தது, 2010இலிருந்து அதன் இடத்தில் 9241-210. முதலில் ஆட்கள் வேலை செய்யும் இடத்தைப் போய்ப் பார், தேவையை எழுது, மாதிரி செய், அவர்களிடமே கொடுத்துச் சோதி, தவறினால் திரும்பப் போ. ஐந்து பேர் போதும் என்று யூசபிலிட்டி ஆய்வாளர் நீல்சன் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து பேரும் கொழுந்து பறிப்பவர்களாக இருக்க வேண்டாமா?

மஞ்சூர்_வாத்தியார்:
பட்டன் வேலை செய்தாலும் என் சந்தேகம் தீராது. மழை நாளில் ஈரத்துக்கென்று எத்தனை கிலோ கழித்தார்கள்? பழைய சீட்டுகளைக் கம்பியில் குத்திவைத்து மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்போம். ஆப்பில் போன மாதக் கணக்கையே காணோம். ராத்திரி படுத்தால் அதே நினைப்பு.

குன்னூர்_டிசைனர்:
சார், நீங்கள் சொல்வதுதான் யூஎக்ஸ். வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் 1993இல் ஆப்பிளில் இருந்தபோது தன் பதவிப் பெயரிலேயே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டார். யூசபிலிட்டி என்ற சொல் குறுகலாக இருக்கிறது என்பது அவர் எண்ணம். பயன்படுத்துவதற்கு முன் இருக்கும் எதிர்பார்ப்பு, பின்னால் தங்கும் நம்பிக்கை, பயம் எல்லாம் இதில் அடக்கம்.

கோத்தகிரிக்காரன்:
இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. கழிவு எவ்வளவு என்பதை முடிவு செய்வது தொழிற்சாலை. அந்த அவநம்பிக்கையை டிசைன் கணக்கில் எழுதினால், கழித்தவர் தப்பித்துக்கொள்வார்.

குன்னூர்_டிசைனர்:
நியாயம்தான். கழிவை நான் குறைக்க முடியாது. ஆனால் மொத்த எடை, கழித்தது, மிச்சம் மூன்றையும் பெரிய எழுத்தில் தனித்தனியாகக் காட்டலாம், பழைய கணக்கை அழியாமல் வைக்கலாம். மறைத்தால் அதுவும் டிசைன் செய்த தப்பு.

கோத்தகிரிக்காரன்:
அப்படியென்றால் அச்சுச் சீட்டும் கூடவே வேண்டும். சாயங்காலம் எடை போடும் நேரத்துக்கு ஒரு நாள் வாருங்கள் தம்பி, அம்மா விரலைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.