பீக் ஹவரில் கரண்ட் லோடை இறக்கினால் பணம் தருவார்களாம், நம்பலாமா?

அரசூர் ஃபவுண்டரி

எல்லோருக்கும் வணக்கம். கோவை அரசூர் பக்கம் சின்னதாக ஒரு ஃபவுண்டரி, அதாவது இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறை, நடத்துகிறேன். எச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ், 500 கேவிஏ, அரை டன் இன்டக்‌ஷன் ஃபர்னஸ் ஒன்று. 2022 செப்டம்பர் கட்டண உத்தரவுக்கு அப்புறம் காலை ஆறரை முதல் பத்தரை, சாயங்காலம் ஆறு முதல் பத்து என்று பீக் ஹவர் மட்டும் எட்டு மணி நேரம் ஆகிவிட்டது, முன்னால் ஆறு மணி நேரம்தான். அந்த நேரத்தில் ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 25 சதவீதம் கூடுதல் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வயிற்றெரிச்சல்.

விஷயம் என்னவென்றால், போன வாரம் ஒரு கம்பெனி ஆள் வந்தார். மீட்டர் பக்கத்தில் ஒரு பெட்டி மாட்டுவோம், கிரிட்டில் தட்டுப்பாடு வரும்போது செல்லுக்கு மெசேஜ் வரும், நீங்கள் ஃபர்னஸை நிறுத்தினால் குறைத்த யூனிட்டுக்கு 15 ரூபாய் வீதம் ஈ.பி. உங்களுக்குத் தரும், அதில் எங்களுக்கு ஒரு பங்கு என்கிறார். டிமாண்ட் ரெஸ்பான்ஸ் என்று பெயராம். பெட்டிக்கு மட்டும் முன்பணம் கேட்கிறார்.

ஓடாத யூனிட்டை எப்படி அளப்பார்கள் என்று கேட்டேன், சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார். இது நிஜமாகவே எங்காவது நடக்கிறதா, நம்ம ஊரில் வருமா, ஃபர்னஸ் வைத்திருப்பவன் சேரலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிட்டயர்டு ஏ.டி.இ.

தம்பி, முன்பணம் என்ற இடத்திலேயே கும்பிடு போட்டு அனுப்பியிருக்கலாம். வாரியம் யூனிட்டுக்கு 15 ரூபாய் தருகிறது என்றால் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு இருக்க வேண்டும். உத்தரவு நம்பரும் தேதியும் கேளுங்கள், அதைக் காட்டாமல் பெட்டியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஆனால் லோடை இறக்குவது நமக்குப் புதுசு இல்லை. நான் சப்ஸ்டேஷனில் இருந்த காலத்தில் லோட் டெஸ்பாட்ச் என்ற கட்டுப்பாட்டு அறையில் இருந்து போன் வரும், "உடனே ரிலீஃப் கொடு" என்பார்கள், கையில் இருக்கும் ஃபீடரை, அதாவது ஒரு பகுதிக்கே சப்ளை போகும் லைனை, இறக்குவோம். யாருடைய வீடு, யாருடைய மில் என்று பார்க்க நேரம் இருக்காது. 2008 கடைசியில் ஆரம்பித்து எச்.டி. சர்வீஸ்களுக்கு 40 சதவீத வெட்டு, மாலை பீக்கில் விளக்கெரிக்க மட்டும் என்று ஒரு காலம் ஓடியதே, அதை 2015இல்தான் முழுசாக எடுத்தார்கள். அதுவும் தேவையைக் குறைப்பதுதான். நுகர்வோரிடம் யாரும் கேட்கவும் இல்லை, காசும் தரவில்லை. விவசாய லைனுக்கு மும்முனை சப்ளையை குரூப் பிரித்துக் கொடுத்ததும் அதே வேலைதான். அந்த ஆள் சொல்வதில் புதுசு என்பது கேட்டுவிட்டு இறக்குவதும், இறக்கியதற்குக் காசு தருவதும்.

எனர்ஜி ஆடிட் பிரபு

சார் சொன்னதோடு கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்கலாம், அந்த 15 ரூபாய் எங்கே உதைக்கிறது என்று தெரியும்.

ஒரு சாயங்காலம் தட்டுப்பாடு என்று வையுங்கள். வாரியம் மின்சாரத்தை ஏலத்தில் விற்கும் எக்ஸ்சேஞ்சில் வாங்குகிறது. நாளைய மின்சாரத்தை இன்றே வாங்கும் முன்தினச் சந்தையில் 2023 ஏப்ரலில் இருந்து யூனிட்டுக்கு உச்சவரம்பு 10 ரூபாய். நீங்கள் பீக்கில் கட்டுவது ஏழு ரூபாய் சொச்சம், அதோடு 25 சதவீதம், ஆக மொத்தம் ஒன்பது ரூபாயை ஒட்டி வரும். நீங்கள் ஃபர்னஸை நிறுத்தினால் வாரியத்துக்கு 10 ரூபாய் செலவு மிச்சம், ஆனால் உங்களிடம் வர வேண்டிய ஒன்பது ரூபாய் வராது. லைன் லாஸையும் (வழியில் வீணாகும் மின்சாரம்) சேர்த்தால் மிச்சம் இன்னும் ஓரிரண்டு ரூபாய் கூடலாம், அவ்வளவுதான். இதில் 15 ரூபாய் எங்கிருந்து வரும்? தினசரி வாங்கல் செலவை மட்டும் பார்த்தால் உங்களை நிறுத்தச் சொல்லிக் காசு தர வாரியத்துக்குக் காரணமே இல்லை, ஏனென்றால் நீங்கள் நன்றாகக் கட்டும் வாடிக்கையாளர். அஞ்சு ரூபாய்க்கும் குறைவாகக் கட்டும் வீட்டு நுகர்வோர் ஒரு யூனிட் குறைத்தால்தான் அவர்களுக்கு லாபம். அவரைத் தேடி யாரும் பெட்டி தூக்கிக்கொண்டு போவதில்லை, வீடு வீடாகச் சேர்த்துக் கட்டுவது பெரிய வேலை.

காசு கொடுக்க நியாயமான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் மாநிலத்தின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வருஷத்தில் சில டஜன் மணி நேரம் மட்டும் வரும் அந்த உச்சிக்காக ஒப்பந்தம் போட்டு, டிரான்ஸ்பார்மர் போட்டு, லைன் இழுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்த முதலீட்டைத் தள்ளிப்போட முடிந்தால் அதில் ஒரு பங்கைத் தரலாம். அப்படித் தருவது பெரும்பாலும் "கூப்பிட்டால் இவ்வளவு கிலோவாட் இறக்கத் தயார்" என்று எழுதிக் கொடுப்பதற்கான வருஷத் தொகையாக இருக்கும். யூனிட் விலையாக அள்ளிக் கொடுக்க மாட்டார்கள்.

இந்தியாவில் நடப்பதே இல்லை என்று நினைக்க வேண்டாம். மும்பையில் டாடா பவர் 2023 கோடையில் ஆட்டோகிரிட் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியோடு சேர்ந்து ஒரு திட்டம் ஆரம்பித்தது, வீடுகளும் பெரிய நிறுவனங்களும் சேர்த்து ஆறு மாதத்தில் 75 மெகாவாட் என்று இலக்கு வைத்தார்கள். டெல்லியிலும் நடந்திருக்கிறது. மும்பைக்கு இது ஏன் பொருந்தியது என்றால் அப்போது அந்த நகரத்துக்குள் வெளி மின்சாரத்தைக் கொண்டுவரும் லைன்கள் குறைவாக இருந்தன.

சாக்ரமெண்டோ சேது

இங்கே கலிபோர்னியாவில் நடப்பதைச் சொல்கிறேன். 2022 செப்டம்பர் 6, வெயில் பிளந்த நாள், மாநிலத்தின் தேவை 52,061 மெகாவாட், அதுவரை இல்லாத உச்சம். சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது, நிலநடுக்கத்துக்கு அலறுமே அந்த சத்தம். அவசியமில்லாத மின்சாரத்தை அணையுங்கள் என்று மெசேஜ். அரை மணி நேரத்துக்குள் ரெண்டாயிரம் மெகாவாட்டுக்கு மேல் இறங்கியது, மின்வெட்டு தவிர்ந்தது. காசே தராத ஒரு மெசேஜ் அது. தனியாக, அவசரக் காலத்தில் வீட்டில் குறைத்த யூனிட்டுக்கு 2 டாலர் தரும் திட்டமும் அந்த வருஷம் இருந்தது, குறைக்காவிட்டால் அபராதம் இல்லை.

பிரிட்டனிலும் 2022-23 குளிர்காலத்தில் ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கு இப்படிக் காசு கொடுத்தார்கள், 16 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் கலந்துகொண்டார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. அதே 2022 ஆகஸ்ட் கடைசியில் டென்வர் பக்கம் சுமார் 22,000 வீடுகளின் ஏ.சி. தெர்மோஸ்டாட்டை மின் கம்பெனி பூட்டிவிட்டது. வருஷத்துக்கு 25 டாலர் தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் எல்லோரும். மற்ற நாட்களில் கையால் மாற்றிக்கொள்ளலாம், அன்றைக்கு அவசரநிலை என்று அதையும் அடைத்துவிட்டார்கள். வீட்டுக்குள் வேகிறது, பட்டன் வேலை செய்யவில்லை, ஜனங்கள் கொதித்துப் போனார்கள். ஒப்பந்தத்தில் அது எழுதியிருந்தது, யார் படித்தார்கள்?

"சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்" என்று அந்த ஆள் சொன்னதுதான் இதில் பெரிய சண்டைக் களம். ஓடாததை அளக்க முடியாது, ஓடியிருக்கும் என்று ஊகிக்கத்தான் முடியும். இங்கே வழக்கமான முறை, அதற்கு முந்தைய பத்து வேலை நாட்களில் அதே மணியில் எவ்வளவு ஓடியது என்று சராசரி எடுப்பது, அன்றைக்குக் கூப்பிடுவதற்கு முந்தைய மணிகளின் ஓட்டத்தைப் பார்த்து அதைக் கொஞ்சம் ஏற்றி இறக்குவது. இதற்குப் பேஸ்லைன் என்று பெயர். இங்கே மெயின் என்ற பெயருள்ள மாநிலத்தில் ரம்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு காகித மில், எப்போதும் சொந்த ஜெனரேட்டரில்தான் பெரும்பகுதி ஓடும். பேஸ்லைன் எடுக்கும் நாட்களில் மட்டும் ஜெனரேட்டரை அடக்கி கிரிட்டில் இருந்து அள்ளி இழுத்தார்கள். அப்புறம் ஜெனரேட்டரை வழக்கம்போல ஓட்டிவிட்டு "பாருங்கள், குறைத்துவிட்டோம்" என்று மாதக்கணக்கில் காசு வாங்கினார்கள். 2013இல் முடிந்த வழக்கில் அபராதம் மட்டும் 1 கோடி டாலர்.

கணபதி மெல்டர்

மேலே எல்லோரும் கிரிட் பக்கம் நின்று பேசுகிறார்கள், ஃபர்னஸ் பக்கம் வாருங்கள். நடு ஹீட்டில், அதாவது ஒரு தடவை உருக்கிக்கொண்டிருக்கும்போது, மெசேஜ் வந்தால் யாராலும் நிறுத்த முடியாது. க்ரூசிபிளில் (உருக்கும் பாத்திரம்) உருகின இரும்பு நிற்கும்போது பவரை விட்டால் மேலே ஆடை கட்ட ஆரம்பித்துவிடும், அப்படியே உறைந்தால் உள்பூச்சான லைனிங் போச்சு, அடுத்த ஷிஃப்டும் போச்சு. அதனால் உங்களைப் போன்றவருக்கு மெசேஜ் ரெண்டு மணி நேரம் முன்னாடி வர வேண்டும், ஓடுகிற ஹீட்டை முடித்து ஊற்றிவிட்டு அடுத்த சார்ஜ், அதாவது அடுத்து உருக்க வேண்டிய இரும்பு, போடாமல் இருக்கலாம். பத்து நிமிஷத்தில் இறக்கு என்பது பனிக்கட்டி ஃபாக்டரிக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் சரிப்படும், அவர்களிடம் குளிர்ச்சி சேமிப்பில் இருக்கிறது. இன்னொன்று, எதை அணைத்தாலும் ஃபர்னஸ் காயிலைக் குளிர வைக்கும் கூலிங் பம்பை அணைக்கக் கூடாது. அந்தப் பெட்டி மெயின் சுவிட்சில் கை வைக்கிறதா, ஃபர்னஸ் பேனலில் மட்டுமா என்று கேளுங்கள்.

எங்கள் பக்கம் நிறைய பேர் மெசேஜுக்கே காத்திருக்கவில்லை. பகலில் மோல்டு (வார்ப்பு அச்சு) போட்டு வைத்துவிட்டு ராத்திரி பத்துக்கு மேல் உருக்குகிறோம். அரை டன் ஹீட்டுக்கு 300 யூனிட் என்று வைத்தால் பீக்கைத் தவிர்ப்பதில் ஒரு ஹீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் சுமாருக்கு மிச்சம், பத்தில் இருந்து அஞ்சு வரை 5 சதவீதத் தள்ளுபடி வேறு. கழிக்க வேண்டியது நைட் ஷிஃப்ட் படி, டீ, வண்டி, அப்புறம் ராத்திரி ஊற்றும்போது தேறாமல் போகும் வார்ப்புகளால் வரும் ரிஜெக்‌ஷன். எனக்குக் கட்டுபடியாகிறது, ரெண்டு ஹீட் மட்டும் போடுகிறவருக்குக் கட்டுபடியாகாது.

காலை பீக் மட்டும் எனக்குப் புரியவே இல்லை. ஒன்பதரைக்கு வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஊரெல்லாம் சோலார் ஓடுகிறது, அப்போதும் பத்தரை வரை 25 சதவீதம் வாங்குகிறார்கள்.

எனர்ஜி ஆடிட் பிரபு

காலை பீக் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளே சூரிய ஒளி நேரத்துக்குச் சாதாரண விலையைவிட 20 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும் என்கின்றன. அந்த எட்டு மணி நேரம் எது என்று மாநில ஆணையம் முடிவு செய்யும். தொழில் சங்கங்கள் உண்மையில் கேட்க வேண்டியது இதைத்தான், பீக் கட்டணத்தையே எடு என்று கேட்டால் நடக்காது. எல்.டி. (தாழ் அழுத்த) சிறுதொழிலுக்கு 2022 நவம்பரில் 25ஐ 15 ஆகக் குறைத்தார்கள் அல்லவா, கத்திக் கேட்டதால்தான் குறைந்தது.

மயிலாப்பூர் மாடிவீடு

குறுக்கே ஒரு சின்னக் கேள்வி. ஸ்மார்ட் மீட்டர் வந்தால் எங்கள் வீட்டு ஏ.சி.யையும் இப்படி எங்கிருந்தோ அணைத்துவிடுவார்களா?

ரிட்டயர்டு ஏ.டி.இ.

ஏ.சி.யைத் தனியாக அணைக்க அந்த மீட்டரால் முடியாது அம்மா, அதற்கு ஏ.சி.யிலேயே தனிக் கருவி வேண்டும். மொத்த சப்ளையைத் தூரத்தில் இருந்து துண்டிக்க அதில் வசதி உண்டு, பில் கட்டாதவர்களுக்காக வைத்தது. மணிவாரியாக விலை வைக்கலாம் என்பதுதான் வீட்டுக்கு வரக்கூடிய மாற்றம். வந்தால் வாட்டர் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் மத்தியானத்துக்கு மாற்றுங்கள், போதும்.

அரசூர் ஃபவுண்டரி

எல்லோருக்கும் நன்றி. அந்த ஆளுக்குப் போன் போட்டு உத்தரவு நம்பர் கேட்டேன், "பாலிசி வந்துகொண்டிருக்கிறது, முதலில் சேர்கிறவர்களுக்கு முன்னுரிமை" என்றார். பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு சந்தேகம், நிஜமான திட்டமே வந்தால் அந்த நேரம் மட்டும் என் டி.ஜி. (டீசல் ஜெனரேட்டர்) செட்டில் ஃபர்னஸை ஓட்டிவிட்டு லோடை இறக்கினதாகக் காட்டலாமா?

எனர்ஜி ஆடிட் பிரபு

திட்டத்தின் விதி அனுமதித்தால் காட்டலாம், சில நாடுகளில் அனுமதி உண்டு, சில இடங்களில் புகைக்காகத் தடை. ஆனால் உங்கள் செட் அந்த ஃபர்னஸைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தாங்கினாலும் டீசல் லிட்டருக்கு மூன்றரை யூனிட் கிடைத்தால் அதிகம், யூனிட் 25 ரூபாய்க்கு மேல் அடக்கம் ஆகும். அந்த ஆள் சொன்ன 15 ரூபாய் வந்தாலும், அந்த நேரத்துக்கு ஈ.பி.க்குக் கட்டாத ஒன்பதையும் சேர்த்தால்கூட 24தான்.