பழைய எம்ஜி இசட்எஸ் இவி: சேலத்தில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். பழைய எம்ஜி இசட்எஸ் இவி (மின்சார கார்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 2022 மாடல், 50.3 கிலோவாட் ஹவர் பேட்டரி, 41,000 கிலோமீட்டர் ஓடியது, ஒரே ஓனர். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் தர வேண்டும். ஆனால் "சீனா வண்டி வேண்டாம்" என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார்.

எம்ஜி இப்போது ஷாங்காயின் எஸ்ஏஐசி கம்பெனி கையில் இருந்தாலும் பிரிட்டிஷ் பெயர், வண்டி குஜராத் ஹலோலில் தயாரானது, எம்ஜியின் இந்தியக் கம்பெனியில் 35 சதவீதப் பங்குக்கு நம் நாட்டு ஜேஎஸ்டபிள்யூ குழுமம் 2023-ல் ஒப்பந்தம் போட்டது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "பெரிய பங்கு ஷாங்காய்க்காரன்கிட்டதானே? எல்லையில நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஸ்பேர் யாருப்பா அனுப்புவான்?" என்கிறார். 2020 கல்வான் எல்லை மோதலை அவர் மறக்கவில்லை. அவர் பயத்தைத் தள்ளிவிடவும் முடியவில்லை. 2025-ல் மோட்டாருக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைச் சீனா இறுக்கியபோது நம் ஊர் கார் கம்பெனிகளே திணறினவே.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஏற்காடு ஏறிப் பார்த்தேன். அடிவாரத்தில் 84 சதவீதம் சார்ஜ், 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏரிக்கரையில் 66. இறங்கும்போது 3 சதவீதம் திரும்ப ஏறியது. வண்டியில் எனக்குக் குறை தெரியவில்லை. அப்பா ஏறவே இல்லை, வாசலில் நின்று டயரைக் காலால் தட்டிப் பார்த்ததோடு சரி.

சர்வீஸ் ரெக்கார்டு பார்த்தாச்சு, கிளெய்ம் எதுவும் இல்லை. ஐந்து ரோடு பக்கம் விசாரித்த இரண்டு புரோக்கர்களும் மறுவிற்பனையைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஸ்பேர் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

சேலம், ஏற்காடு பக்கம் இந்த வண்டியை மூன்று வருடமாவது வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: பம்பர், ஹெட்லைட், சென்சார் மாதிரி ஏதாவது மாற்ற வேண்டி வந்தபோது பார்ட்ஸ் கைக்கு வர எத்தனை நாள் ஆனது?