எங்கள் வீடு குழு: முடிச்சூர் ஃபிளாட்

சனிக்கிழமை

தீபா: புரோக்கர் அனுப்பியதை அப்படியே போடுகிறேன். “முடிச்சூர், 2 பெட்ரூம், 980 சதுர அடி, முதல் மாடி, 2011-ல் கட்டியது. ரெரா அப்ரூவ்டு. இ.சி. கிளியர். தண்ணீர் பிரச்சினை இல்லை. தாம்பரம் ஸ்டேஷன் 10 நிமிடம்.” நாளைக்குள் டோக்கன் 50,000 போடச் சொல்கிறார். இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறாராம்.

முரளி: அந்தப் பார்ட்டியை எனக்குத் தெரியும். நான் கூடுவாஞ்சேரியில் வாங்கியபோதும் அவர்தான் ரெடியாக இருந்தார் 😄

பெரியம்மா: சமையல்கட்டு எந்த மூலையில் இருக்கு தீபா

சுந்தர் மாமா: 2011-ல் முடிந்த கட்டடத்துக்கு ரெரா எங்கிருந்து வந்தது? அந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமே 2016-ல்தான். அங்கே புராஜெக்டைப் பதிவு செய்வார்கள், அவ்வளவுதான். பிளானுக்கு அப்ரூவல் தருவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வோ உள்ளாட்சியோ. அவர் பொய் சொல்கிறார் என்றுகூட நினைக்கவில்லை. விற்கிறவர் சொன்னதை நமக்குத் தள்ளிவிடுகிறார். இ.சி.யை, அதான் சொத்தின் மேல் கடன் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றை, இங்கே போடு.

தீபா: 📄

சுந்தர் மாமா: இது 2018-லிருந்துதான் இருக்கிறது. எந்த வருஷத்திலிருந்து கேட்கிறோமோ அதற்கு முந்தையதை இ.சி. சொல்லாது. சர்வே நம்பர் இதிலேயே இருக்கிறது, போதும். பதிவுத்துறை தளத்தில் 1990-லிருந்து போட்டுப் பார்க்கிறேன். பார்ப்பதற்குக் காசு கிடையாது.

தீபா: பத்திர நகலும் தந்தார் மாமா. யு.டி.எஸ். 450 என்று சொல்லியிருந்தார், இதில் 372 என்று இருக்கிறது.

சுந்தர் மாமா: பத்திரத்தில் உள்ளதுதான் கணக்கு. நிலத்தில் உன் பங்கு 372 சதுர அடி. அந்த 980-ல் மாடிப்படி, நடைபாதை எல்லாம் சேர்ந்திருக்கும். நாளைக்குப் போகும்போது டேப் எடுத்துக்கொண்டு போ.

(இரவு 9:40)

சுந்தர் மாமா: 46 பக்கம் வந்தது. ஒரே சர்வே நம்பர் என்பதால் அந்தக் கட்டடத்தின் எல்லா ஃபிளாட்டும் அதில் வரும். கண் வலிக்கத் தேடினேன். நம் ஃபிளாட் பத்திரத்தை 2014-ல் வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். கடன் அடைந்ததற்கான ரசீதுப் பதிவைக் காணோம். அடைத்துவிட்டுப் பதிய மறந்திருக்கலாம், அது வேறு. ஆனால் இதற்குப் பெயர் கிளியர் இல்லை.

முரளி: 2018-லிருந்து எடுத்துக் கொடுத்தது ஏன் என்று இப்போது புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை

தீபா: போய்விட்டு வந்தோம். புரோக்கர் 11 மணிக்கு வரச் சொன்னார், நாங்கள் 10:20-க்கே போய் நின்றோம். மாடிப்படிக்குக் கீழே ஈ.பி. மீட்டர் எல்லாம் என் தலைக்கு மேலே இருக்கிறது. ரீடிங் எடுக்க ஸ்டூல் போட வேண்டும். அதே சுவரில் இடுப்பளவில் பலகை இருந்த தடம், ஆணி ஓட்டையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எதிரே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டேன். “பதினஞ்சுல தண்ணி மீட்டரை முழுங்கிடுச்சும்மா. அப்புறம்தான் மேல ஏத்துனாங்க” என்றார்.

முரளி: 2015 டிசம்பரில் முடிச்சூர் மிதந்ததை ஊரே டிவியில் பார்த்ததே!

தீபா: முதல் மாடி என்பதால் வீட்டுக்குள் வரவில்லையாம். ஆனால் பைக், மோட்டார், சம்ப் எல்லாம் போயிருக்கிறது. புரோக்கரிடம் கேட்டால், “நான் சொன்னது குடிதண்ணி மேடம்” என்கிறார்.

முரளி: 🤣🤣

தீபா: டேப் பிடித்தோம். சுவருக்குள் 730 சதுர அடி வருகிறது. ஸ்டேஷன் 10 நிமிடம் என்றது ஞாயிறு காலை பைக்கில்கூட இல்லை, 22 ஆனது.

சுந்தர் மாமா: டோக்கன் போட்டுவிடாதே. வங்கி ரசீது, 2011 கம்ப்ளீஷன் சர்டிபிகேட், தாய்ப்பத்திர நகல். மூன்றையும் மெசேஜில் கேள். போனில் பேசியது காற்றோடு போய்விடும்.

தீபா: அனுப்பினேன். நீல டிக் விழுந்து ஒரு மணி நேரம் ஆகிறது. இப்போது போன் அடிக்கிறார்.

சுந்தர் மாமா: எடுக்காதே. “வேலையில் இருக்கிறேன், மெசேஜ் போடுங்கள்” என்று போடு.

பெரியம்மா: சமையல்கட்டு எந்த மூலைன்னு நேத்துலேர்ந்து கேக்குறேன் யாரும் சொல்லல

தீபா: தென்கிழக்கு பெரியம்மா.

பெரியம்மா: அப்புறம் என்ன, நல்ல வீடுதானே 🙏