முயலின் இடது கண்ணில் 3 வாரமாகச் சீழ்

வணக்கம். சிங்கப்பூரில் யீஷூன் வட்டாரத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். எங்கள் மல்லி ஹாலந்து லாப் முயல், 5 வயது, 1.6 கிலோ. 3 வாரமாக இடது கண்ணில் மட்டும் பால் மாதிரி நீர் வடிகிறது. கண்ணுக்குக் கீழே முடி கொட்டித் தோல் சிவந்துவிட்டது.

முதலில் தூசி என்று நினைத்து, திமத்தி புல்லை (அவள் தின்னும் காய்ந்த புல்) உதறிக் கொடுத்தோம், சலைனில் துடைத்தோம். பிறகு மருத்துவர் சாயம் விட்டுப் பார்த்தார். கருவிழியில் புண் இல்லை. ஆன்டிபயாட்டிக் சொட்டு 10 நாள் விட்டோம், நிறுத்திய 2 நாளில் திரும்பிவிட்டது. கண்ணீர்க் குழாயைக் கழுவியபோது நீர் மூக்கு வழியே வரவே இல்லை. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும், மேல்பல்லின் வேர் நீண்டு குழாயை நெருக்கியிருக்கலாம் என்றார். அங்கே ஸ்கேன் வசதி இல்லை.

அப்புறம், நேற்றிலிருந்து புல்லைத் தொடவில்லை, கீரை மட்டும் தின்கிறாள். புழுக்கையும் சிறுத்துவிட்டது. எனக்குக் கண்ணைவிட இதுதான் பயமாக இருக்கிறது. நாளைக் காலை அதே மருத்துவரிடம் மறுபடி காட்டுகிறோம்.

சிங்கப்பூரில் முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தலையை சிடி ஸ்கேன் எடுத்து, பல்வேரையும் சரிசெய்த அனுபவமுள்ள மருத்துவர் யாரிடம் உங்கள் முயலைக் காட்டினீர்கள்?