குருவிக்கூட்டுச் செள்ளு (பறவை ரத்தம் குடிக்கும் பொடி உண்ணி) யாரையாவது கடித்திருக்கிறதா?

பாளையங்கோட்டையிலிருந்து:
மீட்டர் பெட்டிக்கு மேல் கூடு கட்டியிருந்த அடைக்கலாங்குருவி, குஞ்சுகள் பறந்ததும் போய்விட்டது. அப்புறம்தான் தொல்லை ஆரம்பம். இடுப்பிலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்பு, ராத்திரியெல்லாம் அரிப்பு. டாக்டர் சிரங்குக் களிம்பு எழுதிக்கொடுத்தார். மெத்தையை வெயிலில் போட்டு உதறியும் மூட்டைப்பூச்சி ஒன்றுகூட இல்லை. கடைசியில் கூட்டுக்குக் கீழே சுவரில் தூசி மாதிரி ஏதோ நகர்ந்தது. வெள்ளைத் தாளில் தட்டி நசுக்கினால் ரத்தப் பொட்டு! உங்கள் வீடுகளில் எப்படி?

அம்பாசமுத்திரத்திலிருந்து:
அண்ணாச்சி, அது கோழிச்செள்ளு வகையறா. எங்கள் கோழிக்கூண்டில் கையை விட்டால் முழங்கை வரை ஏறும். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ரத்தம் குடித்தால்தான் கருத்துக் கண்ணில் படும். முட்டையிலிருந்து வளர்ந்து நிற்க ஒரு வாரம் போதும். குருவிக்குஞ்சு இரண்டு வாரம் கூட்டில் இருக்கிறதே, அதற்குள் பெருகிவிடும். குஞ்சு பறந்ததும் பசியில் நம்மிடம் வருகிறது. ஆனால் மனித உடம்பில் குடியிருந்து பெருகாது. சிரங்குக் களிம்பால் தீராது, கூட்டை எடுத்தால்தான் கடி நிற்கும். குஞ்சு இருக்கும்போது மட்டும் மருந்தடித்துவிடாதீர்கள், பாவம்.

தென்காசிப் பக்கத்திலிருந்து (வேலை பின்லாந்தில், இப்போது லீவு):
அங்கே இது இன்னும் பெரிய கதை. தோட்டத்தில் பட்டாணிக்குருவிகளுக்கு மரப்பெட்டி மாட்டுவார்கள். இலையுதிர் காலத்தில் பழைய கூட்டைக் கிளறி எடுக்கச் சொல்வார்கள். குளிரில் செள்ளின் உடம்பு மந்தமாகிவிடும், ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும். வசந்தத்தில் பறவை வந்ததும் மறுபடி ஆரம்பம்.

நம் வயக்காட்டு மின்கம்பியில் மார்கழியில் வரிசையாக உட்காருமே தகைவிலான், அதன் சொந்தக்காரர்களுக்கும் வடக்கே இதே பாடுதான். டென்மார்க்கில் அதன் கூடுகளில் செள்ளை ஏற்றிவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், குஞ்சுகள் மெலிந்துபோயின. பழைய மண்கூட்டில் செள்ளு மிஞ்சியிருந்தால் அதில் முட்டையிடத் தயங்கும் ஜோடிகளும் உண்டாம். நம் ஊரில் பனிக்காலம் ஏது, இலையுதிர் வரை காத்திருக்க? கூடு காலியானதுமே எடுத்துவிடுவது நல்லது.

பாளையங்கோட்டையிலிருந்து:
சரி, நாளைக் காலையில் எடுத்துவிடுகிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
முதலில் ஏணி போட்டு உள்ளே முட்டை இருக்கிறதா பாருங்கள் அண்ணாச்சி. அடைக்கலாங்குருவி அடுத்த தடவை முட்டையிடவும் அதே கூட்டுக்கு வரும். முட்டை இல்லையென்றால் கையுறை போட்டு, பாலித்தீன் பைக்குள் அப்படியே இறக்கி வாயைக் கட்டிவிடுங்கள். வாசலில் போட்டால் திரும்ப ஏறிவிடும்.