மூக்கில் 120 கிராம் ஈயம் வைத்த பிறகு தலைகீழாகப் பறக்க மறுக்கிறது: 35 சிசி எக்ஸ்ட்ரா மாடல் விமானம்

பால்சாப்பிரியன் எழுதியது:

வணக்கம். ஆறு வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஜொகூரில் ஒருவரிடமிருந்து எக்ஸ்ட்ரா 300 என்ற சாகச விமானத்தின் ரேடியோ கட்டுப்பாட்டு மாடல் ஒன்றை வாங்கினேன். இறக்கை 198 சென்டிமீட்டர், 35 சிசி பெட்ரோல் எஞ்சின். காலி டாங்கியோடு, எல்லாம் பூட்டிய நிலையில் 6.2 கிலோ. பதிவும் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழும் கையில் இருக்கின்றன. ஆனால் இங்கே சிங்கப்பூரில் பெட்ரோலோடு சேர்த்து 7 கிலோவைத் தாண்டினால் இயக்குபவருக்கான அனுமதி, விமானி உரிமம் என்று கதையே வேறு. அதனால் இனி ஒரு கிராம்கூடக் கூட்ட எனக்கு மனமில்லை.

கையேட்டில் சிஜி (விமானம் சமநிலையில் நிற்கும் ஈர்ப்பு மையம்), இறக்கையின் வேர்ப்பகுதியில் முன்விளிம்பிலிருந்து 145 முதல் 155 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. தெம்பனிஸ் வீவக வீட்டுச் சமையலறையில் நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் விரல் நுனியில் தூக்கிப் பார்த்தோம். மகளுக்கு மூன்று வயது, குறுக்கே ஓடி வருவாள் என்று ப்ரொப்பெல்லரையும் ஸ்பின்னரையும் (அதன் நடுவில் பூட்டும் கூம்பு) கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டுத்தான் செய்தோம். வால் கீழே போனது. எஞ்சின் பெட்டியின் அடியில் 120 கிராம் ஈயம் ஒட்டினேன், 150இல் அழகாக நின்றது.

பறக்கவிட்டால் அப்படி இல்லை. தலைகீழாகத் திருப்பினால் ஸ்டிக்கை நன்றாக முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இறங்கும்போது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை மூடியதும் மூக்கு தொப்பென்று விழுகிறது. போதாததற்கு, லூப் (செங்குத்து வட்டம்) போட்டால் முடியும் இடம் ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் விலகிப் போகிறது. இன்னும் ஈயம் வைக்க வேண்டுமா, எடுக்க வேண்டுமா?

காற்றாடி78 எழுதியது:

ஈயத்தைத் தொடாதீங்க. மூக்கு கனமான விமானம் சுமாராகப் பறக்கும், வால் கனமான விமானம் ஒரே ஒரு முறைதான் பறக்கும். எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) டிரிம் கொடுத்து, அதாவது அதன் நடுநிலையைக் கொஞ்சம் நகர்த்தி, சமாளிச்சுக்கலாம்.

வடக்குக்காற்று எழுதியது:

காற்றாடி சொல்வது பயிற்சி விமானத்துக்குச் சரி. இந்த மாதிரி சாகச விமானத்தில் மூக்கு கனமாக இருந்தால் இறங்கும்போது மூக்கைத் தூக்கிப் பிடிக்க எலிவேட்டர் போதாமல் போகும், வேகத்தோடு தரையில் மோதும். டிரிம் அதற்கு மருந்தில்லை.

தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ப்ரொப்பெல்லரையும் ஸ்பின்னரையும் அலமாரி மேல் வைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். நான் 31 வருடம் சிலேத்தார் விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்தவன். நிஜ விமானத்தை எடை போடும்போது எது உள்ளே இருக்கிறது, எது இல்லை என்று பட்டியலை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் தராசைத் தொடுவோம். ஒரு இருக்கை குறைந்தால்கூடக் கணக்கில் எழுத வேண்டும்.

உங்கள் அளவுக்கு ஸ்பின்னரும் மர ப்ரொப்பெல்லரும் சேர்ந்து 190 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சிஜியிலிருந்து அரை மீட்டர் முன்னால் இருக்கின்றன. 190ஐ 50ஆல் பெருக்கினால் 9,500. அதை 6,200ஆல் வகுத்தால் ஒன்றரை சென்டிமீட்டர். அதாவது 150 என்று நீங்கள் நினைத்தது, களத்தில் 135. தலைகீழாகத் தள்ளிப் பிடிப்பதற்கும் மூக்கு விழுவதற்கும் அந்தப் 15 மில்லிமீட்டரே போதும்.

நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். 6 கிலோவை விரல் நுனியில் பிடித்தால் கை நடுங்கும், அதில் 5 மில்லிமீட்டர் பிழை சாதாரணம். மூன்று சமையலறைத் தராசு இரவல் வாங்குங்கள். முன்சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, வால் சக்கரத்துக்கு ஒன்று. வால் தராசை ஒரு பெட்டி மேல் ஏற்றி, உடல் பறக்கும் நிலையில் மட்டமாக இருக்கும்படி செய்யுங்கள். இறக்கை வேரின் முன்விளிம்பிலிருந்து ஒரு நூலில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அது சக்கர அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பாருங்கள். அப்புறம் வால் தராசின் எடையை, அச்சுக்கும் வால் சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். வருவது, அச்சுக்குப் பின்னால் சிஜி இருக்கும் தூரம். ப்ரொப்பெல்லர், மூடி, பேட்டரிகள், திருகாணி வரை எல்லாம் இருக்க வேண்டும். டாங்கி மட்டும் காலி.

சரி செய்ய, முதலில் ஈயத்தை எடுங்கள். மீதியை ரிசீவர் (ரேடியோ சமிக்ஞையை வாங்கும் கருவி) பேட்டரியைப் பின்னால் தள்ளிச் சரிக்கட்டலாம். பேட்டரி ஏற்கெனவே சுமக்கும் எடை, காசும் இல்லை.

மாடித்தோட்டம் எழுதியது:

இடப்பக்கம் விலகுவது தனி விஷயம், சிஜி முடிந்த பிறகு பாருங்கள். லூப்பில் மட்டும் விலகினால் இடது இறக்கை கனம், அல்லது எலிவேட்டர் இரண்டு பாதியும் சமமாக நகரவில்லை. நேர் மேலே ஏறும்போது முழுத் திராட்டிலில் மட்டும் இடப்பக்கம் போனால் எஞ்சினைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பூட்டும் சாய்வு போதவில்லை. மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஒரு நாளைக்கு ஒன்றுதான் மாற்ற வேண்டும்.

எலிவேட்டருக்கு நான் செய்வது: இரண்டு பாதியின் பின்விளிம்பிலும் ஒவ்வொரு சாத்தே குச்சியை (இறைச்சி சுடும் மூங்கில் குச்சி) டேப் போட்டு, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டுவேன். பக்கவாட்டில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இரண்டு குச்சியும் ஒன்றாக நகர்கிறதா என்று உடனே தெரியும். நடுவில் சரியாக இருந்து மேலே போனதும் பிரிந்தால், சர்வோ (பலகையை அசைக்கும் சிறு மோட்டார்) கைகளின் கோணம் வேறு வேறு. ரேடியோவில் எண்ணை மாற்றுவதற்கு முன்னால் கையைக் கழற்றி, நடுநிலையில் கம்பி 90 டிகிரியில் நிற்கும்படி பூட்டுங்கள். இறக்கைக்கு, ப்ரொப்பெல்லர் தண்டிலும் வாலிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டால் கனமான பக்கம் சாயும்.

பால்சாப்பிரியன் எழுதியது:

செய்து பார்த்துவிட்டேன். எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் ஞாயிறு காலை, தரை மட்டமாக இருக்கும் இடம் தேடி. பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) தராசு, என் மாமியார் தராசு, எங்களுடையது. முன்சக்கரங்கள் ஒவ்வொன்றிலும் 2,750 கிராம், வாலில் 700. அச்சிலிருந்து வால் சக்கரம் 120 சென்டிமீட்டர், குண்டு சரியாக அச்சுக்கு நேராகவே விழுந்தது. கணக்குப் போட்டால் 135.5. அண்ணே, நீங்கள் எழுதியதைக் கீழ்த்தளத்திலேயே இன்னொரு முறை படித்தேன்.

ஈயம் போய்விட்டது. 140 கிராம் பேட்டரியை இரண்டு இறக்கையையும் இணைக்கும் குழாய்க்குப் பின்னால் 25 சென்டிமீட்டர் தள்ளி, பட்டை கட்டினேன். வால் தராசில் 760 வந்தது, சிஜி 150. மொத்தம் 6,080.

சாத்தே குச்சியும் ஒரு குறையைக் காட்டியது: வலது பாதி மேலே 4 மில்லிமீட்டர் குறைவாக நகர்ந்தது, சர்வோ கை ஒரு பல் தள்ளி இருந்தது. தொங்கவிட்டபோது இடது இறக்கை சாய்ந்தது, வலது நுனியில் 15 கிராம் வைத்ததும் நேராக நின்றது. ஒரு நாளைக்கு ஒன்று என்றீர்கள், எனக்குப் பொறுமை இல்லை, இரண்டையும் சேர்த்தே சரி செய்தேன்.

போன சனிக்கிழமை விடிகாலையில் சுமத்ரா காற்று (மழையோடு வரும் திடீர்ப் புயற்காற்று) அடித்து எட்டு மணி வரை காத்திருந்தோம். அப்புறம் ஏற்றினேன். எங்களுக்கு அனுமதித்த உயரம் 200 அடிதான், அதற்குள் 45 டிகிரியில் ஏற்றித் தலைகீழாகத் திருப்பி ஸ்டிக்கை விட்டேன். கோட்டிலேயே போய், கடைசியில் மெல்ல மூக்கைத் தாழ்த்தியது. லூப்பும் போட்ட இடத்திலேயே முடிகிறது. இறங்கும்போது மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

ஒன்று பாக்கி. பக்கவாட்டில் சாய்த்து ரடர் (வாலின் செங்குத்துப் பலகை) மட்டும் பிடித்துப் பறந்தால் வயிற்றுப் பக்கம் இழுக்கிறது.

வடக்குக்காற்று எழுதியது:

மெல்லத் தாழ்ந்தது என்றால் சிஜியை இனி தொட வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். வயிற்றுப் பக்கம் இழுப்பதற்கு ரேடியோவில் ரடரோடு மேல்நோக்கி எலிவேட்டரைக் கலக்க வேண்டும். 3 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். இடது ரடருக்குத் தனியாக, வலது ரடருக்குத் தனியாக. இரண்டு பக்கமும் ஒரே எண் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பேட்டரிப் பட்டையை அடுத்த முறை பறக்கும் முன் இழுத்துப் பாருங்கள், அது நகர்ந்தால் சிஜியும் நகரும்.